கான்சாஸில் ஒரு விளையாட்டுக் கொட்டகை

லாரன்ஸ் ஊரில் யாரிடம் வழி கேட்டாலும் ‘ஃபீல்டுஹவுஸ்’ என்றால் போதும். ஆலன் என்ற பெயரைச் சேர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. கான்சாஸ் சிட்டியிலிருந்து காரில் முக்கால் மணி நேரம். ஒரு லட்சம் பேருக்குள் அடங்கிவிடும் ஊர். அங்கே கான்சாஸ் பல்கலைக்கழகம் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அரங்கம்தான் ஆலன் ஃபீல்டுஹவுஸ். சுண்ணாம்புக்கல் சுவர், இரண்டு பக்கமும் சரியும் கூரை, சுவரின் உச்சியில் வரிசையாகச் சன்னல்கள். வெளியிலிருந்து பார்க்கிற நம்மூர்க்காரருக்குப் பழைய பஞ்சாலை ஞாபகம்தான் வரும். கண்ணாடிக் கோபுரமோ வளைந்து நெளிந்த கூரையோ எதுவும் கிடையாது.

ஆனால் உள்ளே 15,000 பேருக்கு மேல் உட்காரலாம். 2017 பிப்ரவரி 13 அன்று மேற்கு வர்ஜீனியா அணியுடன் நடந்த ஆட்டத்தில் இங்கே எழுந்த கூச்சல் 130.4 டெசிபல். உள்ளரங்கம் ஒன்றில் ரசிகர்கள் எழுப்பிய அதிகபட்ச சத்தம் என்று கின்னஸ்காரர்கள் அதைப் பதிவு செய்துகொண்டார்கள். நான் அந்தப் பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்தவன், சிவில். அதனால் ஆட்டத்தை எவ்வளவு பார்த்தேனோ அதே அளவுக்கு அண்ணாந்து கூரையையும் பார்த்திருக்கிறேன். சத்தம் அங்கே ஏன் அப்படி நிற்கிறது என்பதற்குப் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. கல்லும் இரும்பும் மரமும் சத்தத்தைக் குடிப்பதில்லை, திருப்பி அனுப்புகின்றன. கேலரி கோர்ட்டை ஒட்டியே தொடங்குகிறது. மாணவர்கள் பக்கத்தில் தனித்தனி நாற்காலி கிடையாது, நீள பெஞ்சுகள்தான். பத்து பேர் இடத்தில் பதினான்கு பேர் நின்றுகொண்டே பார்ப்பார்கள்.

இந்த அரங்கத்தைப் பற்றி எழுத வேண்டும் என்றால் லாரன்ஸிலிருந்து கிளம்பி மாசசூசெட்ஸ் வரை ஒருமுறை போய்த்தான் வர வேண்டும்.

1891 டிசம்பர், ஸ்பிரிங்ஃபீல்டு. ஒய்.எம்.சி.ஏ. நடத்திய பயிற்சிப் பள்ளி. வெளியே பனி. கால்பந்தும் பேஸ்பாலும் ஆட முடியாத மாதங்களில் உள்ளே உடற்பயிற்சி மட்டும் செய்து செய்து சலித்துப்போன ஒரு வகுப்பு. அந்த வகுப்புக்கு ஒரு உள்ளரங்க ஆட்டம் கண்டுபிடிக்கச் சொல்லி முப்பது வயது ஆசிரியர் ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். கனடாக்காரர், பெயர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். அவர் 13 விதிகள் எழுதினார். இலக்காக வைக்க மரப்பெட்டி கிடைக்குமா என்று காவலாளியிடம் கேட்டார். காவலாளியிடம் இருந்தவை பீச் பழக் கூடைகள்தான். அவற்றை ஜிம்மைச் சுற்றி ஓடிய பால்கனியின் கீழ்க் கம்பியில் ஆணி வைத்து அடித்தார்கள். அந்தப் பால்கனி தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருந்தது. இன்று உலகத்தில் எந்தக் கோர்ட்டிலும் ரிங் 10 அடியில் இருப்பதற்கு அதுதான் காரணம். யாரும் உட்கார்ந்து கணக்குப் போட்டு எடுத்த முடிவு கிடையாது. அந்த ஜிம்மைக் கட்டிய மேஸ்திரி பால்கனியை 11 அடியில் வைத்திருந்தால் இந்த ஆட்டத்தின் வரலாறே வேறு.

போர்டும் அப்படித்தான் வந்தது. பால்கனியில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் தங்கள் அணிக்கு உதவியாகக் கையை நீட்டிப் பந்தைத் தள்ளிவிட ஆரம்பித்தார்கள். அதைத் தடுக்கக் கூடைக்குப் பின்னால் ஒரு மறைப்பு வைத்தார்கள். மறைப்பில் பட்டுத் திரும்பும் பந்தை வைத்து ஒரு முழு வித்தையே பிறகு வளர்ந்தது. ஒரு பனிக்காலமும் ஒரு கட்டிடத்தின் அளவுகளும் சேர்ந்து உருவாக்கிய ஆட்டம் இது. கான்சாஸில் நடந்தது இதற்கு நேர்மாறு. அங்கே ஆட்டம் ஒவ்வொரு கட்டமாகத் தனக்கான கட்டிடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டது.

நெய்ஸ்மித் 1898இல் லாரன்ஸுக்கு வந்தார். பல்கலைக்கழகத்தின் பிரார்த்தனைக் கூடத்துக்குப் பொறுப்பாளர், கூடவே உடற்பயிற்சி ஆசிரியர். கூடைப்பந்து அணியையும் அவரே தொடங்கினார். ஆனால் பயிற்சியாளராக அவருடைய கணக்கு 55 வெற்றி, 60 தோல்வி. கான்சாஸின் கூடைப்பந்துப் பயிற்சியாளர்களில் ஜெயித்ததைவிட அதிகம் தோற்றவர் ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர் ஒருவர்தான் என்பதை அந்த ஊர்க்காரர்கள் ஒருவித செல்லத்தோடு சொல்வார்கள். அவருக்கு ஜெயிப்பதில் பெரிய அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. உடம்பு உறுதியாக வேண்டும், அதற்கு ஒரு ஆட்டம், அவ்வளவுதான். தன் மாணவன் ஃபாரெஸ்ட் ஆலன் கூடைப்பந்துப் பயிற்சியாளர் வேலைக்குப் போகிறேன் என்றபோது, இதெல்லாம் பயிற்சி கொடுக்கிற ஆட்டமா, சும்மா ஆட வேண்டியதுதானே என்கிற மாதிரி சிரித்தாராம்.

அந்த மாணவன் 39 பருவங்கள் கான்சாஸ் அணிக்குப் பயிற்சி கொடுத்தார். பேஸ்பால் ஆட்டத்தில் நடுவராக நின்று அடித்தொண்டையில் கத்தியதால் ‘ஃபாக்’ என்று பட்டப்பெயர். கப்பல்களுக்குப் பனிமூட்டத்தில் ஊதும் சங்கான ‘ஃபாக்ஹார்ன்’ என்பதிலிருந்து வந்தது அது. படித்தது எலும்பு, தசை சார்ந்த ஆஸ்டியோபதி மருத்துவம். முழங்கால் பிசகியது, முதுகு பிடித்தது என்று எந்த வீரன் வந்தாலும் மேசையில் படுக்க வைத்து அவரே கையால் நீவிச் சரிசெய்வார். இன்று எந்த அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் விளையாட்டு அரங்கத்தை ஒட்டி ஒரு சிகிச்சை அறை இருக்கும். வரிசையாக மெத்தை போட்ட மேசைகள், கணுக்காலுக்குச் சுற்ற வெள்ளை டேப் உருளைகள், ஐஸ் தண்ணீர்த் தொட்டி, அதற்கென்றே படித்த ஆட்கள். ஆலன் காலத்தில் அந்த அறை முழுவதும் அவர் ஒருவருடைய இரண்டு கைகளில் இருந்தது.

ஆடுவதற்கான இடங்களோ ஒவ்வொன்றாக மாறிக்கொண்டே வந்தன. முதலில் ஸ்னோ ஹால் கட்டிடத்தின் தாழ்ந்த நிலவறை. 1907இல் ராபின்சன் ஜிம். 1927இல் ஹாக் ஆடிட்டோரியம். பேருக்கு ஏற்ற மாதிரியே அது நாடகமும் சொற்பொழிவும் நடத்தக் கட்டிய மண்டபம். அதன் வளைந்த சுவர்கள் போர்டுக்குப் பின்னால் கண்ணைக் குழப்பின. எதிரணிக்காரர்கள் அதைப் பேய் வீடு என்று திட்டினார்கள். 1991இல் இடி விழுந்து எரிந்துபோனது. நான் பாடம் கேட்ட பெரிய வகுப்பறைகள் அந்த இடத்தில் மறுபடியும் கட்டியவை.

1952இல் ஆலனின் அணி தேசியப் பட்டம் வென்றது. பெரிய அரங்கம் வேண்டும் என்ற பேச்சு ஏற்கெனவே இருந்தது. ஆனால் அது கொரியப் போர்க்காலம். இரும்புக்குக் கட்டுப்பாடு, விளையாட்டு அரங்கத்துக்கெல்லாம் ஒதுக்க மாட்டார்கள். அப்புறம் என்ன செய்தார்கள் தெரியுமா? இது ஆயுதக் கிடங்காகவும் பயன்படும் என்று திட்டத்தில் சேர்த்து எழுதினார்கள். இரும்பு வந்துவிட்டது. அரசாங்கக் காகிதத்தில் ஒரு வரியைச் சேர்த்துக் காரியத்தை முடிப்பது நமக்கு மட்டுமே கைவந்த கலை என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் மனதைத் தேற்றிக்கொள்ளலாம். ஆலன் பயிற்சியாளராக இருக்கும்போதே அவர் பெயரைக் கட்டிடத்துக்கு வைத்தார்கள். 1955 மார்ச் 1 அன்று திறப்பு. அன்றைய ஆட்டத்தில் கான்சாஸ் ஸ்டேட் அணியை 77-67 என்று ஜெயித்தார்கள்.

எனக்குப் பிடித்த விஷயம் அந்தக் கட்டிடத்தின் முதல் முப்பது ஆண்டுகள்தான். அப்போது அது கூடைப்பந்துக்கு மட்டும் என்று இருக்கவில்லை. தரை மண். நடுவில் மேடை மாதிரி உயர்த்திய மரப்பலகைக் கோர்ட், சுற்றிலும் தடகள ஓடுபாதை. வெளியே பனி கொட்டும் பிப்ரவரியில் ஓட்டக்காரர்கள் உள்ளே சுற்றிச் சுற்றி ஓடுவார்கள். ஜிம் ரையன் இந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். பள்ளியில் படிக்கும்போதே 1964இல் நான்கு நிமிடத்துக்குள் ஒரு மைல் ஓடியவர், 1967இல் 3 நிமிடம் 51.1 நொடியில் உலக சாதனை படைத்தவர். அவர் குளிர்காலத்தில் கால் பதித்த மண் இது. பிறகு பாடம் பதிவு செய்யும் நாட்களில் மாணவர்கள் கையில் அட்டையோடு மேசை மேசையாக இங்கேதான் வரிசையில் நின்றார்கள். கச்சேரி, கண்காட்சி, தலைவர்கள் கூட்டம், எல்லாவற்றுக்கும் ஒரே கூரை. மழைக்கும் பனிக்கும் ஒதுங்க இடம் வேண்டும் என்ற யாருக்கும் கதவைத் திறந்த கொட்டகை.

அப்படி நடந்த கூட்டங்களில் ஒன்று பொருளாதாரம் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். 1968 மார்ச் 18. ராபர்ட் கென்னடி ஜனாதிபதித் தேர்தலில் நிற்பதாக அறிவித்து இரண்டே நாள் ஆகியிருந்தது. கிட்டத்தட்ட 20,000 பேர் உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள், கோர்ட்டின் மேலேயும் ஆட்கள். ஒரு நாட்டின் மொத்த உற்பத்தி என்ற கணக்கில் காற்று மாசும் சிகரெட் விளம்பரமும் கதவுப் பூட்டும் சிறையும் நேபாம் குண்டும் சேரும். குழந்தைகளின் ஆரோக்கியமும் விளையாட்டின் மகிழ்ச்சியும் கவிதையின் அழகும் சேராது என்று பேசினார். வளர்ச்சிக் குறியீடுகளைக் கேள்வி கேட்கிற எந்தக் கட்டுரையிலும் அந்தப் பேச்சு இன்றைக்கும் வந்துவிடும். ஆனால் அது பேசப்பட்டது ஒரு கூடைப்பந்து ரிங்குக்குக் கீழே என்பது அந்தக் கட்டுரைகளில் இருக்காது. மூன்று மாதத்துக்குள் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள்.

அந்த அரங்கத்துக்குள் நான் அதிக நேரம் இருந்தது ரசிகனாக இல்லை. ஆட்டம் முடிந்த பிறகு கேலரியைச் சுத்தம் செய்யும் பகுதிநேர வேலை கிடைத்தது. அயல்நாட்டு மாணவர்களுக்கு வளாகத்துக்கு வெளியே வேலை பார்க்க அனுமதி இல்லாததால் உள்ளே கிடைக்கிற எதையும் பிடித்துக்கொள்வோம். பாதிப் பேர் சாப்பாட்டுக் கூடத்தில், மீதிப் பேர் இப்படி. கான்சாஸ் ரசிகர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எதிரணி வீரர்களின் பெயரை அறிவிக்கும்போது மாணவர்கள் எல்லாரும் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு படிப்பது போல நடிப்பார்கள். நீ யாரோ, எனக்கென்ன என்று அர்த்தம். தங்கள் அணி பெயர் வந்ததும் அந்தத் தாளைச் சுக்குநூறாகக் கிழித்து மேலே வீசுவார்கள். டிவியில் பார்க்க அழகாக இருக்கும். கிழிந்த தாள் சிந்திய கோக்கில் ஊறி, அதன் மேல் பாப்கார்ன் விழுந்து, ஆயிரக்கணக்கான பேர் இரண்டு மணி நேரம் அதன் மேல் குதித்த பிறகு பெஞ்சுக்குக் கீழே என்ன இருக்கும் என்று டிவியில் காட்டுவதில்லை.

வேலைக்கு ஒரு முறை உண்டு. பெரிய குப்பைகளைக் கையால் பொறுக்கிப் பையில் போட்டபடி மேல் வரிசையிலிருந்து இறங்க வேண்டும். பின்னாலேயே காற்று ஊதும் இயந்திரத்தை முதுகில் மாட்டிய ஒருவர் மிச்சத்தைக் கீழ் நோக்கித் தள்ளிக்கொண்டு வருவார். ஒட்டிக்கொண்ட தாளுக்குக் காற்று உதவாது. தகரக் கரண்டியால் சுரண்டத்தான் வேண்டும். ஆட்டத்தின்போது உள்ளே வெக்கை தாங்காது. வெளியே பூச்சியத்துக்குக் கீழே பத்து டிகிரி, உள்ளே 15,000க்கு மேற்பட்ட உடம்புகளின் சூடு. திருச்சிக்காரச் சீனியர் அண்ணன் ஒருவர் முதல் நாளே சொல்லிவிட்டார்: “தம்பி, ஜாக்கெட்டுக்குள்ள அரைக்கை டீஷர்ட் போட்டுட்டு வா. ஸ்வெட்டர் போட்டா வெந்துருவ.” அந்த அறிவுரை ஆங்கிலத்தில் எந்தக் கையேட்டிலும் கிடையாது.

கூட்டம் போன பிறகு மேல் வரிசையில் நின்றால் கூரை இரும்புச் சட்டங்களைப் பக்கத்தில் பார்க்கலாம். வடக்குப் பக்கம் பெரிய பேனர் ஒன்று தொங்கும்: உள்ளே வருகிற எல்லாரும் கவனம், ஃபாக் இருக்கிறார் என்று எச்சரிக்கை. 1988இல் மாணவர்கள் சிலர் விடுதிக் குளியலறைத் திரைகளை ஒன்றாகச் சேர்த்து அதில் எழுதி மாட்டியது அதன் முதல் வடிவம். அந்த ஆண்டு தேசியப் பட்டமும் வந்துவிட்டது. அப்புறம் யார் கழற்றுவார்கள்?

மேலே தொங்குகிற ஜெர்சிகளில் ஒன்றின் எண் 13. வில்ட் சேம்பர்லின். ஏழடி ஒரு அங்குலம். 1955இல் அவரைக் கான்சாஸுக்கு அழைத்து வந்தவர் ஆலன். அப்போதைய விதிப்படி முதலாண்டு மாணவர்கள் பல்கலைக்கழக அணியில் ஆட முடியாது. அதனால் முதலாண்டு மாணவர்களின் அணிக்கும் மூத்தோர் அணிக்கும் ஒரு ஆட்டம் வைத்தார்கள். சேம்பர்லின் 42 புள்ளி எடுத்தார், மூத்தோர் அணி 81-71 என்று தோற்றது. அடுத்த ஆண்டு அவரை வைத்து ஆலன் ஆடியிருக்க வேண்டும். ஆனால் 70 வயதில் ஓய்வு என்ற விதியைத் தளர்த்த மறுத்துவிட்டார்கள். தன் பெயரில் இருக்கும் அரங்கத்தில், தான் தேடிப் பிடித்து வந்த வீரனின் ஆட்டத்தை ஆலன் வெளியாளாகப் பார்த்தார். 1956 டிசம்பரில் முதல் ஆட்டத்திலேயே 52 புள்ளி. 1957 தேசிய இறுதி ஆட்டத்தில் மூன்று கூடுதல் நேரங்களுக்குப் பிறகு வட கரோலினாவிடம் 54-53 என்று ஒரே ஒரு புள்ளியில் தோல்வி. சேம்பர்லின் அதற்கடுத்த ஆண்டோடு கிளம்பிவிட்டார். அவர் ஜெர்சியை மேலே ஏற்றும் விழாவுக்கு வந்தது 1998 ஜனவரியில்தான். பழைய கல்லூரி ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். அந்தத் தோல்வியை நாற்பது ஆண்டுகள் சுமந்ததாகச் சொன்னார். அடுத்த ஆண்டு இறந்துபோனார்.

ஊரே கொண்டாடும் இந்தக் கதைகளுக்கு நடுவே அவ்வளவாகப் பேசப்படாத ஒருவர் இருக்கிறார். ஜான் மெக்லெண்டன். 1933இல் உடற்கல்வி படிக்க இங்கே வந்த கறுப்பின மாணவர். அவருக்கு ஆலோசகர் நெய்ஸ்மித்தே. கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவரிடம் நேரடியாகப் பாடம் கேட்கலாம். ஆனால் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியில் ஆட முடியாது. கறுப்பின மாணவர் ஒருவர் அந்த அணியில் ஆட 1951 வரை ஆனது. வளாக நீச்சல்குளத்தில் மெக்லெண்டன் இறங்கியபோது குளத்துத் தண்ணீரை முழுவதும் வடித்துவிட்டார்கள். அவர் விடவில்லை, நெய்ஸ்மித்தின் ஆதரவோடு போராடிக் குளத்தைத் திறக்க வைத்தார். 1936இல் பட்டம் வாங்கிக்கொண்டு தெற்கே போய்ப் பயிற்சியாளரானார். தண்ணீரை வடித்த இந்தக் கதைதான் எனக்கு எந்த விளையாட்டு வசதியைப் பார்த்தாலும் ஞாபகத்துக்கு வருகிறது. குளம் எத்தனை மீட்டர், தரை எந்த மரம் என்றெல்லாம் பெருமையாகச் சொல்வார்கள். உள்ளே இறங்க யாருக்கு அனுமதி என்பதைச் சொல்ல மறந்துவிடுவார்கள்.

மெக்லெண்டன் பயிற்சி கொடுத்த அணி 1944 மார்ச் 12 அன்று வட கரோலினாவின் டர்ஹம் ஊரில் ஒரு ரகசிய ஆட்டம் ஆடியது. எதிரே டியூக் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்களின் வெள்ளையர் அணி. இரண்டு நிறத்தவரும் ஒரே கோர்ட்டில் ஆடுவது அங்கே நடக்கக் கூடாத காரியம். ஞாயிறு காலை எல்லாரும் சர்ச்சுக்குப் போயிருக்கும் நேரத்தில் ஜிம் கதவைப் பூட்டிக்கொண்டு ஆடினார்கள். 88-44 என்று மெக்லெண்டன் அணி ஜெயித்தது. அதோடு நிற்காமல் இரண்டு அணியையும் கலந்து பிரித்து இன்னொரு ஆட்டம் போட்டார்கள். உட்கார ஒரு ரசிகர்கூட இல்லாத அந்த ஜிம்மைத்தான் நான் கூடைப்பந்து வரலாற்றின் பெரிய அரங்கமாக எண்ணுவேன்.

சரி, லாரன்ஸுக்கு வருவோம். 1984இல் ஃபீல்டுஹவுஸுக்குப் பக்கத்திலேயே ஆன்ஷுட்ஸ் பெவிலியன் வந்தது. ஓடுபாதை அங்கே போனது. பிறகு ஒவ்வொன்றாகப் பிரிந்துகொண்டே போயின. வாலிபாலுக்கு முதலில் ஒரு இடம், 2019இல் அதைவிடப் பெரிதாக இன்னொன்று. வெளிப்புறத் தடகளத்துக்கும் சாக்கருக்கும் 2014இல் ஊரின் மேற்கே தனி வளாகம். அமெரிக்கக் கால்பந்துக்குத் தனி உள்ளரங்கப் பயிற்சிக்கூடம். கூடைப்பந்து வீரர்கள் தங்க 2015இல் தனி விடுதி, அதற்குள்ளேயே ஒரு கோர்ட். பெரும்பாலானவற்றின் மேல் நன்கொடையாளர் குடும்பத்தின் பெயர் இருக்கும். கொட்டகைக்குள் ஒன்றாக இருந்தவர்கள் ஆளுக்கொரு வீடு கட்டிக்கொண்டு போன பிறகு ஃபீல்டுஹவுஸில் மிஞ்சியது கூடைப்பந்து மட்டும்.

இதில் நியாயமும் இருக்கிறது, மறுக்கவில்லை. மண் தரையிலிருந்து பறக்கும் தூசி பலகைக் கோர்ட்டில் படிந்தால் ஷூ வழுக்கும், முழங்கால் போகும். ஒரே கூரைக்குள் பத்து அணிகள் நேரம் கேட்டால் பெண்கள் அணிக்கு எப்போதும் விடிகாலையும் நள்ளிரவும்தான் மிஞ்சும். தனித்தனி இடம் வந்த பிறகு அந்தச் சண்டை குறைந்தது. ஆனால் இந்தப் புதுக் கட்டிடங்களில் பெரும்பாலானவற்றின் கதவு அட்டை வைத்தால்தான் திறக்கும், அந்த அட்டை அணியில் இருப்பவர்களிடம் மட்டும்தான் இருக்கும். இருபத்தைந்தாயிரம் பேர் படிக்கிற இடத்தில் அணி வீரர்கள் சில நூறு பேர். மற்றவர்களுக்கு விளையாட்டு என்றால் பார்ப்பது என்றே ஆகிவிடும் அபாயம் இருந்தது.

அதை ஓரளவு காப்பாற்றியது 2003இல் திறந்த ஆம்ப்ளர் மையம். மாணவர்கள் கட்டும் கட்டணத்தில் நடக்கும் பொதுப் பயிற்சிக்கூடம். எந்தச் சாதனையும் அங்கே நடக்கவில்லை, டிவி கேமரா வந்ததில்லை. மாலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள். பாறை ஏறும் சுவரில் ஒரு பெண் தொங்கிக்கொண்டிருப்பாள். மேலே ஓடுபாதையில் வயதான பேராசிரியர் ஒருவர் காதில் எதையோ மாட்டிக்கொண்டு நடப்பார். எடை தூக்கும் பகுதியில் கண்ணாடி முன்னால் வழக்கமான கூட்டம். கீழே கோர்ட்டுகளில் கூடைப்பந்து, ஒன்றில் மட்டும் வலை கட்டிப் பேட்மிண்டன்.

அந்தப் பேட்மிண்டன் கோர்ட் எங்களுடையது. எங்களுடையது என்றால் தமிழ், தெலுங்கு, சீனா, மலேசியா, ஒரு நேபாளி. கூடைப்பந்துப் பக்கம் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: ஜெயித்த அணி கோர்ட்டில் நிற்கும், தோற்றவர்கள் வெளியே. அடுத்து ஆட வேண்டும் என்றால் ஓரத்தில் நின்று ‘நெக்ஸ்ட்’ என்று சத்தமாகச் சொல்லி இடம் பிடிக்க வேண்டும். ஐந்து பேர் சேரவில்லையென்றால் பக்கத்தில் நிற்கிற யாரையும் சேர்த்துக்கொள்ளலாம். யார் என்ன படிக்கிறார், எந்த ஊர் என்று கேட்க மாட்டார்கள். ரிங்குக்குப் பக்கத்தில் ஓடிவந்து பந்தைப் போடும் லே-அப் தெரியுமா என்பதுகூடப் பிறகுதான். பெரியகுளம், கரூர் பக்கம் கோடையில் நடக்கும் அகில இந்தியப் போட்டிகளைப் பார்த்து வளர்ந்த நண்பன் ஒருவன் எங்களோடு இருந்தான். நம்மூரில் கூடைப்பந்து என்றால் திறந்தவெளி சிமெண்ட் கோர்ட், சாயங்காலத்துக்கு மேல் மின்விளக்கு, சுற்றிக் கேலரி. மழை வந்தால் ஆட்டம் நிற்கும், தரையைத் துடைத்துவிட்டு மறுபடி ஆடுவார்கள். அவனுக்கு மரத்தரையில் பந்து எழும்பும் விதமே புதிது. “என்னடா இது, பந்து நம்ம பேச்சைக் கேக்குது” என்றான். ஒரே மாதத்தில் எங்களை விட்டுவிட்டு நிரந்தரமாக அந்தப் பக்கம் போய்விட்டான்.

அவனுக்கும் நெய்ஸ்மித்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை 1920இல் தொடங்கிய ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் அதே ஸ்பிரிங்ஃபீல்டு பள்ளியில் படித்தவர். தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குத் தலைமுறை தலைமுறையாக பி.டி. மாஸ்டர்களை அனுப்பிய கல்லூரி அது. நண்பனுக்குப் பந்தைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த மாஸ்டரும் நந்தனத்தில் படித்தவர்தான். பால்கனியில் கூடை அடித்த ஜிம்மிலிருந்து ஒரு கிளை கான்சாஸுக்கும் இன்னொரு கிளை சென்னைக்கும் போயிருக்கிறது.

ஃபீல்டுஹவுஸில் இன்னும் மாணவர்கள் கையில் இருக்கும் ஒரு வழக்கம் முகாம் போடுவது. நல்ல இடம் வேண்டும் என்றால் குழுவாகச் சேர்ந்து பெயர் கொடுக்க வேண்டும். காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை குழுவில் ஒருவராவது அரங்கத்தின் நடைகூடத்தில் இருந்தாக வேண்டும். எப்போது வேண்டுமானாலும் பெயர் கூப்பிடுவார்கள். ஆள் இல்லையென்றால் இடம் போச்சு. போர்வை, லேப்டாப், பீட்சா பெட்டி, பாதி எழுதிய வீட்டுப்பாடம் என்று நடைகூடம் ரயில்வே பிளாட்பாரம் ஆகிவிடும். ஒருநாள் அங்கே உட்கார்ந்து கணித மாணவி ஒருத்தி எதிர்க் குழுக்காரனுக்கு வகைக்கெழு சமன்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பழைய கொட்டகையின் வாசனை இன்னும் மிச்சம் இருப்பது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

ஆட்டம் கையில் வந்துவிட்டது என்று உறுதியானதும் மொத்தக் கூட்டமும் ‘ராக் சாக், ஜேஹாக், கேயூ’ என்று மெதுவாக, கிட்டத்தட்ட கோயில் பஜனை வேகத்தில் இழுத்துப் பாடும். ஜேஹாக் அணியின் பட்டப்பெயர், கேயூ பல்கலைக்கழகத்தின் சுருக்கம். அதன் மூல வடிவத்தை 1886இல் உருவாக்கியவர் ஒரு வேதியியல் பேராசிரியர். 2022 ஏப்ரலில் இறுதி ஆட்டத்தில் இடைவேளையின்போது 15 புள்ளி பின்தங்கியிருந்து, அதே வட கரோலினாவை 72-69 என்று ஜெயித்த இரவில் ஊர்க் கடைத்தெரு முழுக்க அந்தப் பாட்டுதான்.

நெய்ஸ்மித் தட்டச்சு செய்ய வைத்து ஜிம் சுவரில் மாட்டிய அசல் விதிகள், இரண்டு பக்கம், 2010 டிசம்பரில் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தன. இந்தப் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர் டேவிட் பூத் 43 லட்சம் டாலருக்கு எடுத்து லாரன்ஸுக்கே கொடுத்துவிட்டார். அவற்றை வைக்க ஃபீல்டுஹவுஸை ஒட்டி டீபுரூஸ் மையம் என்று ஒரு கட்டிடம் 2016இல் வந்தது. இரண்டு தாளுக்கு ஒரு கட்டிடமா என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சல் இருந்தது உண்மை. போய்ப் பார்த்தபோது, தட்டச்சு எழுத்துக்கு நடுவே பேனாவால் போட்ட திருத்தத்தைப் பார்த்ததும் எரிச்சல் போய்விட்டது. அந்த 13 விதிகளில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடும் டிரிபிள் கிடையாது. பந்து கையில் இருந்தால் நிற்க வேண்டும், எறிய வேண்டும். தோளால் இடிக்கக் கூடாது, தள்ளக் கூடாது, காலை இடறக் கூடாது. சின்ன ஜிம்மில் அடிபடாமல் ஆட என்ன வேண்டுமோ அவ்வளவுதான் எழுதியிருக்கிறார்.

கான்சாஸ் சிட்டி பக்கம் போகிற வேலை இருந்தால் ஒரு அரை நாள் ஒதுக்கலாம். ஆட்டம் இல்லாத நாட்களில் ஃபீல்டுஹவுஸின் கிழக்கே உள்ள அருங்காட்சியகம் வழியாக உள்ளே போகலாம், கட்டணம் இல்லை. விதிகளைப் பார்க்கவும் காசு கிடையாது. நெய்ஸ்மித்தின் கல்லறையும் இதே ஊரில்தான். ஆனால் ஆட்டம் இருக்கும் சனிக்கிழமையில் மட்டும் போய்விடாதீர்கள். ஒரு மைல் சுற்றளவுக்குக் காரை நிறுத்த இடம் கிடைக்காது.